அத்தை கதைய மேடையில போடுறதா, சிறுகதையா எழுதுறதா, இல்ல பேசாம இருக்குறதா

என் போன்ல 1 மணி நேரம் 12 நிமிஷத்துக்கு ஒரு ரெக்கார்டிங் இருக்கு. சிங்கப்பூர் யீஷூன்ல அத்தை வீட்டு அடுப்படியில வச்சு எடுத்தது, நடுநடுவுல குக்கர் விசில், மேல் வீட்டுல யாரோ டிரில் போடுற சத்தம், அத்தை "இரு கண்ணு, பருப்பு பொங்குது"ன்னு எழுந்து போற சத்தம் எல்லாம் கேக்கும். நவம்பர்ல ஒரு சின்ன தமிழ் நாடகக் குழு எனக்கு 20 நிமிஷம் தனிநபர் நாடகத்துக்கு இடம் குடுத்துருக்காங்க, நான் பாட்டுக்கு வாயத் தொறந்து "எங்க அத்தை கதை ஒண்ணு இருக்கு, அதப் பண்றேன்"னு சொல்லிட்டேன், சொல்லிட்டு வீட்டுக்கு வந்து ரெக்கார்டிங்க முழுசா மறுபடி போட்டுக் கேட்டப்பதான் வயித்துல புளியக் கரைச்சுது. மூணு வாரமா ஆளாளுக்குக் கேட்டு, மண்டை காஞ்சு, இப்ப ஒரு முடிவுக்கு வந்துருக்கேன். இதே மாதிரி வீட்டுக் கதைய கையில வச்சுகிட்டு முழிக்கிறவங்க இன்னும் பல பேரு இருப்பீங்க, அதனால எந்த வழியில என்ன இருக்குன்னு நான் யோசிச்சத அப்படியே எழுதிடறேன்.

முதல்ல கதை. சொல்லலாம்னு அத்தை சொன்ன அளவுக்கு மட்டும்.

அத்தை பிறப்பால சீனப் பொண்ணு. 1950-ல பிறந்தவங்க, புலி வருஷம். புலி வருஷத்துப் பொண்ணு வீட்டுக்கு ஆகாதுன்னு அப்ப நிறைய சீனக் குடும்பங்கள்ல ஒரு நம்பிக்கை, அதோட வறுமை, ஏற்கனவே வரிசையா பிள்ளைங்க. அந்தக் காலத்துல சிங்கப்பூர்லயும் மலாயாவுலயும் இப்படி எத்தனையோ சீனப் பெண் குழந்தைங்க இந்தியக் குடும்பத்துக்கும் மலாய்க் குடும்பத்துக்கும் வந்து சேர்ந்தாங்க, உங்க சொந்தத்துலயோ பக்கத்து அடுக்குமாடி புளோக்லயோ இப்படி ஒரு பாட்டி இருந்தா ஆச்சரியப்பட மாட்டேன். எங்க தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்துல வேலை பாத்தவரு, குவார்ட்டர்ஸ்ல வீடு, மூணு ஆம்பளப் பிள்ளைங்க, பாட்டிக்குப் பொண்ணு வேணும்னு ஆசை, வந்துட்டாங்க அத்தை. இன்னைக்கும் காப்பிக் கடையில யாராவது அத்தைகிட்ட மாண்டரின்ல பேசுனா அத்தை மலாய்ல பதில் சொல்வாங்க, அவங்க முழிப்பாங்க, அத்தை என்னைப் பாத்து "இதுக்கு என்னடி வேணுமாம்"னு தமிழ்ல கேப்பாங்க, அவங்க இன்னும் முழிப்பாங்க. இது எங்க குடும்பத்துல நாப்பது வருஷ ஜோக்.

ஜோக் இல்லாத பாகம் ரெக்கார்டிங்ல 40-வது நிமிஷத்துக்கு மேல வருது. கல்யாணத்துக்கு முன்னாடி, 1974-ல, அத்தை யாருக்கும் சொல்லாம பஸ் புடிச்சு பெத்த அம்மாவத் தேடிப் போயிருக்காங்க. பன்னிப் பண்ணை இருந்த ஒரு கம்போங் (கிராமம்), எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேன், அந்தப் பண்ணைங்க எல்லாம் எப்பவோ போயிருச்சு. வீட்டக் கண்டுபுடிச்சாங்க. அம்மாவையும் பாத்தாங்க. அந்த வாசல்ல என்ன பேச்சு நடந்துச்சுங்கிறத இங்கயும் எழுதப் போறதில்ல, ஏன்னு கீழ வரும். ஒண்ணு மட்டும் சொல்லணும். அந்தம்மாவுக்கு தியோச்சூ தவிர வேற பாஷை தெரியாது, அத்தைக்கு அது ஒரு வார்த்தை தெரியாது, ஸ்கூல் யூனிபார்ம்ல இருந்த ஒரு பையன்தான் நடுவுல நின்னு மலாய்ல மொழிபெயர்த்துருக்கான். யாரைப் பத்தி மொழிபெயர்க்கிறோம்னு அவனுக்குத் தெரியாது. அவன் அத்தையோட தம்பி. இருந்தா இன்னைக்கு அறுபதுக்கு மேல இருப்பாரு, இதே ஊர்ல, ஏதோ ஒரு புளோக்ல.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி உள்ளது உள்ளபடி, அத்தை பேரப் போட்டு மேடையில சொல்றது. நான் ஆரம்பத்துல நினைச்சது இதுதான், ஏன்னா உண்மைக் கதைன்னு சொன்னாலே அரங்கத்துல மூச்சு மாறும், நாடகம் பாத்தவங்களுக்குத் தெரியும். அத்தைகிட்ட கேட்டேன், "போடு, எனக்கென்ன, நான் என்ன திருடுனேனா"ன்னுட்டாங்க. வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்புறம் அத்தான் போன் பண்ணாரு. கத்தல, அது இன்னும் மோசம். "அம்மாக்கு இப்ப எதக் கேட்டாலும் சரிம்பாங்க, போன வாரம் போன்ல யாரோ இன்சூரன்ஸ் விக்கிறவங்களுக்கே சரின்னு சொல்லிட்டாங்க, நீ ஒரு தடவ கேட்டுட்டு சம்மதம் வாங்கிட்டேங்கிற"ன்னாரு. எனக்குக் கோவம் வந்துச்சு, ஆனா ராத்திரி யோசிச்சா அவரு சொன்னதுல விஷயம் இருக்கு. அடுப்படியில உக்காந்து மருமககிட்ட கதை சொல்றதுக்கு அத்தை சம்மதிச்சது ஒண்ணு, 120 பேரு முன்னாடி இன்னொரு பொண்ணு "நான்தான் அது"ன்னு நின்னு பேசுறதுக்கு சம்மதம்கிறது வேற, அது எப்படி இருக்கும்னே அவங்களுக்குத் தெரியாது, தெரியாததுக்கு எப்படி சரின்னு சொல்றது. ஒரு தடவ கேட்டது பத்தாது, எழுதுனத படிச்சுக் காட்டிட்டு மறுபடி கேக்கணும், ஒத்திகைக்கு வரச் சொல்லி மறுபடி கேக்கணும், வேணாம்னு சொன்னா நிறுத்த நான் ரெடியா இருக்கணும். இந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டம், போஸ்டர் அடிச்சாச்சுன்னா யாரும் நிறுத்த மாட்டாங்க, அதனால போஸ்டருக்கு முன்னாடியே கேளுங்க.

1950-னு எழுதும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வர்றது மரியா ஹெர்டோக். டச்சுப் பிள்ளை, மலாய் குடும்பத்துல நத்ராவா வளர்ந்தவங்க, பெத்தவங்க வழக்கு போட்டு, கோர்ட்டு அவங்களப் பெத்தவங்ககிட்ட ஒப்படைக்கச் சொல்லி, அந்த டிசம்பர்ல கலவரம் வெடிச்சு 18 பேரு செத்தாங்க. கலவரத்துக்குப் பல காரணம், அதுல ஒண்ணு கன்னிமாடத்துல அந்த 13 வயசுப் பிள்ளைய படம் எடுத்துப் பத்திரிகைக்காரங்க பக்கம் பக்கமா போட்டது. ஆளாளுக்கு அந்தப் பிள்ளை கதைய வச்சுத் தங்களுக்கு வேண்டியத சொன்னாங்க. அந்த மாசம் பூரா எங்க பாட்டி கைக்குழந்தைய எடுத்துகிட்டு குவார்ட்டர்ஸ விட்டு வெளிய வரலையாம், எங்க நம்ம பிள்ளையையும் கோர்ட்டு வந்து கேட்டுருமோன்னு. தத்துப் பிள்ளை கதை இந்த ஊர்ல லேசான சரக்கு இல்ல.

சட்டம் என்ன சொல்லுதுன்னு ஒரு நண்பர் கேட்டாரு. தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2012-ல கலை, இலக்கியத்துக்காக மட்டும்னா சம்மதம் இல்லாமலே தகவலப் பயன்படுத்த விதிவிலக்கு இருக்கு. ஆக சட்டத்துல எனக்குப் பெரிய தடை இல்ல. நண்பர் "அப்ப என்ன பிரச்சனை"ன்னாரு. அத்தான் வீட்டு தீபாவளி விருந்துக்கு நான் போகணுமே, அந்தப் பிரச்சனைதான்.

ரெண்டாவது வழி, கதையா மாத்திடறது. பேர மாத்து, வருஷத்த மாத்து, சிறுகதையா எழுது, தங்கமுனைப் போட்டிக்குக்கூட அனுப்பலாம்னு எல்லாரும் முதல்ல சொல்றது இதுதான். கேக்க நல்லாருக்கு. ஆனா நம்ம ஊர்ல தமிழ்ச் சமூகம் எவ்வளவு சின்னதுன்னு யோசிங்க, 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல வீட்டுல அதிகமா தமிழ் பேசுறவங்க வெறும் 2.5 சதவீதம். இதுல தமிழ்க் கதை படிக்கிறவங்க எத்தனை பேரு, அதுல பாதிப் பேரு லிட்டில் இந்தியா தேக்காவுல ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறவங்க. யீஷூன்ல புடவை கட்டி பூ வச்ச சீன மூஞ்சி பாட்டின்னு எழுதினா பேர எதுக்கு மாத்தணும், அட்ரஸே குடுத்த மாதிரிதான். சீனப் பொண்ணுங்கிறத மாத்தினா கதையே செத்துரும். வருஷத்த மாத்தினா புலி போயிரும். அப்புறம் கற்பனைன்னு பேரு வச்சுட்டா எனக்கு ஒரு தைரியம் வந்துரும் பாருங்க, நடக்காதத சேக்கலாம், அழுகைய கூட்டலாம், அத்தைய அடையாளம் தெரிஞ்சவங்க அதையும் சேத்து நடந்ததுன்னே நம்புவாங்க. முகமூடி எனக்கு மட்டும்தான், அத்தைக்கு இல்ல.

இந்த வழி நல்லா வேலை செய்யுறது பல பேரு கதைய ஒண்ணாக் கலக்கும்போது. 1993-ல நெசசரி ஸ்டேஜ் குழு போட்ட 'ஆஃப் சென்டர்' நாடகம் மனநோயோட வாழுறவங்ககிட்ட பேசி, அதுலருந்து பாத்திரங்கள உருவாக்கினது, சுகாதார அமைச்சு முதல்ல ஆதரவு குடுத்துட்டு அப்புறம் விலகிருச்சு, இவங்க விடாம போட்டாங்க. அங்க மேடையில இருக்குற ஆளு ஊர்ல எந்த ஒருத்தரும் இல்ல. என்கிட்ட இருக்குறது ஒரே ஒரு அத்தை, கலக்குறதுக்கு வேற ஆளு இல்ல. நாலஞ்சு பாட்டிங்களத் தேடிப் போய்ப் பேசலாம்தான், ஆனா அது ரெண்டு வருஷ வேலை, நவம்பருக்கு ஆகாது.

பேரே இல்லாம போட்டா என்ன ஆகும்கிறதுக்கு நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு, கறி விவகாரம் (இறைச்சி இல்ல, குழம்புக் கறி). ஒரு இந்தியக் குடும்பம் சமைக்கிற கறி வாசம் புடிக்கலன்னு சீனாவுலருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரங்க புகார் பண்ணி, சமரச மையத்துல பேசி, அவங்க வீட்டுல இல்லாதப்ப மட்டும் கறி சமைக்கிறோம்னு இவங்க ஒத்துக்கிட்டாங்கன்னு 2011 ஆகஸ்ட்ல பத்திரிகையில வந்துச்சு. யாரு பேரும் வரல. ஆனா ரெண்டு வாரத்துக்குள்ள அது ஊருக்கே சொந்தமாயிருச்சு, ஃபேஸ்புக்ல பல்லாயிரம் பேரு, ஒரு ஞாயித்துக்கிழமை ஊரே கறி சமைக்குது, அப்புறம் அந்தப் பேச்சையெல்லாம் வச்சு 2013-ல வைல்ட் ரைஸ் குழு நாடகமே போட்டாங்க. அந்தக் குடும்பம் மட்டும் எங்கயும் பேசி நான் கேக்கல. அந்த ஒப்பந்தம் அவங்களுக்கு நிம்மதியா இருந்துச்சோ என்னவோ, பக்கத்து வீட்டுக்காரங்களோட மறுபடி சிரிச்சுப் பேசிகிட்டுதான் இருந்தாங்களோ என்னவோ, யாருக்குத் தெரியும். பேர மறைச்சா ஆள யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க, சரி, ஆனா கதை யாரு கையிலயும் போய் எதுக்கு வேணாலும் ஆகும். அன்னைக்கு நானும்தான் கறி சமைச்சேன், ஒத்துக்கிறேன்.

மூணாவது வழிய சொன்னது என் கூட வேலை பாக்குற ஒரு அக்கா. தேசிய ஆவணக் காப்பகத்துல வாய்மொழி வரலாற்று நிலையம் இருக்கு, 1979-லருந்து இருக்கு, சாதாரண ஆளுங்க வாழ்க்கையையும் பேட்டி எடுத்து வச்சுருக்காங்க, தமிழ்லயும் இருக்கு. அதுல எனக்குப் புடிச்சது என்னன்னா பேட்டி குடுக்குறவங்க நிபந்தனை போடலாம், எல்லாரும் கேக்கலாம்னு விடலாம், அனுமதி வாங்கிட்டுதான் கேக்கணும்னு சொல்லலாம். யோசிச்சுப் பாருங்க, அத்தை "இத இப்ப யாரும் கேக்க வேணாம்"னு சொல்லிட்டுப் பேசலாம், சொன்னதும் அழியாது, யாரையும் இப்ப குத்தவும் செய்யாது. நாடகத்துல இந்த வசதி கிடையாது, சொன்னா அன்னைக்கே எல்லாரும் கேட்டாச்சு. ஆனா அது நம்ம பாட்டுக்குப் போய் பெட்டியில போட்டுட்டு வர்ற இடம் இல்ல, யாரைப் பேட்டி எடுக்கணும்னு அவங்க முடிவு பண்ணணும். அதோட அத்தைகிட்ட சொன்னப்ப "கெவர்மென்ட் ஆபீஸ்ல போய் நான் என்ன பேசுறது, என்னடி சட்டை போடுறது"ன்னு பயந்துட்டாங்க. அதனால அந்த நிபந்தனை போடுற யோசனைய மட்டும் நான் கடன் வாங்கிகிட்டேன். 1 மணி நேரம் 12 நிமிஷத்தையும் ஒரு டிரைவ்ல போட்டு அத்தைகிட்டயே குடுத்தாச்சு, மிலோ டின்னுக்குள்ள பட்டா, நகையோட இருக்கு. 40-வது நிமிஷத்துக்கு மேல யாரு எப்பக் கேக்கலாம்னு அத்தையே சொல்லி நான் எழுதி உள்ள வச்சுருக்கேன். என் போன்ல இருக்குற காப்பிய நாடகம் முடிஞ்சதும் அழிக்கிறதா பேச்சு.

நாலாவது, அத்தையே மேடை ஏறிப் பேசுறது. தன் கதைய தானே சொல்றதுதான் நேர்மைன்னு சொல்வாங்க, வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி 2014-ல ஆரம்பிச்சப்ப அதுதான் பெரிய விஷயமா இருந்துச்சு, அதுவரைக்கும் கட்டுமானத் தொழிலாளர்களப் பத்தி பெரும்பாலும் மத்தவங்க எழுதிகிட்டு இருந்தாங்க, இப்ப அவங்களே எழுதி அவங்களே படிக்கிறாங்க. உண்மைதான். ஆனா அத்தைக்கு முட்டி வலி, லைட்டப் பாத்தா கண் கூசும், அவங்களுக்கு இதுல ஒரு ஆசையும் இல்ல. ஆசைப்படாத ஆள மேடையில ஏத்திட்டு நேர்மைன்னு சொல்லிக்கிறதும் ஒரு மாதிரி சுரண்டல்தான்.

அஞ்சாவது, பேசாம இருக்குறது. அத்தான் வாக்கு இதுக்குத்தான். எனக்கு இது புடிக்கல. எங்கப்பா போனப்ப அவரோட எத்தனையோ கதை அவரோடயே போச்சு, குவார்ட்டர்ஸ்ல யாரு எந்த வீட்டுல இருந்தாங்கன்னு சொல்லக்கூட இப்ப ஆளு இல்ல. அதோட அத்தை பேசணும்னு நினைக்கிறாங்க, ஐம்பது வருஷமா யாரும் கேக்கல அவ்வளவுதான். அந்த ஆசையையும் கணக்குல எடுக்கணும்ல.

சரி, நான் என்ன பண்ணேன். முதல் வரைவ எழுதி எடுத்துட்டுப் போய் அத்தைகிட்ட படிச்சுக் காட்டினேன். அத்தை கீரை ஆஞ்சுகிட்டே கேட்டாங்க. எதுக்கு ஆட்சேபணை வரும்னு நான் பயந்தேனோ அந்த இடமெல்லாம் பேசாம தாண்டிப் போச்சு. திரும்பி வர்ற பஸ் ஸ்டாப்புல உக்காந்து அழுதாங்கன்னு நான் எழுதியிருந்தேன். கீரைய வச்சுட்டு நிமிந்தாங்க.

"நான் எங்கடி அழுதேன்?"

"அத்தை, அன்னைக்கு அப்படித்தான..."

"நான் பசியில இருந்தேன். காலையிலருந்து சாப்பிடல. பஸ் ஸ்டாப்பு பக்கம் ஒரு கிழவன் பாவ் வித்தான், ரெண்டு வாங்கித் தின்னேன். ஒண்ணு தவுசா, ஒண்ணு கறி. பன்னியோ என்னவோ, கேக்கல. அதான் நடந்துச்சு."

அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, "எங்கம்மா எனக்கு ரவிக்கை தச்சுப் போட்டு, மல்லிப்பூ வச்சு, எப்படி வளத்தாங்கன்னு ஒரு வரி இல்லையே"ன்னாங்க. அம்மான்னு அவங்க சொன்னது எங்க பாட்டிய.

அந்தப் பாவ் (ஆவியில வேகவச்ச சீன பன், தவுசான்னா உள்ள இனிப்புப் பயறு வச்சது) எனக்குத் தோணியே இருக்காது. அழுகை எல்லாருக்கும் தோணும். நான் என்னமோ ரகசியத்த எப்படிக் காப்பாத்துறதுன்னே கவலைப்பட்டுகிட்டு இருந்தேன், அவங்களுக்கு உறுத்துனது நான் அவங்கள பாவப்பட்ட ஜென்மமா ஆக்குனது. நீங்க யாரு கதையையாவது எடுத்தா இதுக்குன்னே ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க.

இன்னும் அந்தப் பையன் பாக்கி. அவருகிட்ட யாரும் சம்மதம் கேக்கல, கேக்கவும் வழியில்ல, தேடிப் போய்க் கேட்டா கேக்குறதே சொன்ன மாதிரிதான். முதல்ல நான் சமாதானம் சொல்லிகிட்டேன், தமிழ் நாடகம்தானே, தியோச்சூக்காரரு எங்க வந்து பாக்கப் போறாருன்னு. அப்புறம் இயக்குநர் சாதாரணமா சொன்னாரு, "ஆங்கிலத் துணைவரி திரையில ஓடும், எப்பவும் போலத்தான்"னு. அவ்வளவுதான், மூடியிருந்த கதவு தொறந்துருச்சு. இங்க தமிழ் ஒரு திரைச்சீலை மாதிரி, நம்மாளுங்க மட்டும் உள்ள உக்காந்து பேசிக்கலாம், துணைவரி போட்டா வாசல்ல போற யாரும் எட்டிப் பாக்கலாம். துணைவரி வேணாம்னு சண்டை போடலாமான்னு பாத்தேன், ஆனா அத்தையோட பேரப் பிள்ளைங்களுக்கே துணைவரி இல்லாம பாதி புரியாது, அவங்க பாக்கணும்னுதான் அத்தைக்கு ஆசை. அது நடக்காது.

அதனால முதல் வழியவே கொஞ்சம் உடைச்சு எடுத்துகிட்டேன். மேடைதான், உண்மைதான், ஆனா அத்தை பேரு இல்ல, அவங்களே ஒரு பேரு தேர்ந்தெடுத்து குடுத்துருக்காங்க (சின்ன வயசுல அவங்களுக்குப் புடிச்ச ஒரு டீச்சர் பேராம்). பஸ்ல போறது வரும், பண்ணை நாத்தம் வரும், வீட்டுக்குப் போற மண் ரோடு வரும், அப்புறம் லைட்டு அணைஞ்சு எரியும்போது அவங்க பஸ் ஸ்டாப்புல பாவ் சாப்பிட்டுகிட்டு இருப்பாங்க. வாசல் இல்ல. பையன் இல்ல. இயக்குநர் மூஞ்சி சுருங்கிருச்சு, உச்சகட்டத்தையே வெட்டிட்டியேன்னாரு, நாடகமா பாத்தா அவரு சொல்றது சரிதான், 20 நிமிஷத்துல அந்த ரெண்டு நிமிஷம்தான் தீப்புடிக்கிற இடம். ஆனா அது அத்தை கதை மட்டும் இல்ல. ரவிக்கையும் மல்லிப்பூவும் அந்த எடத்துக்கு வந்துருக்கு, நல்லாத்தான் இருக்கு, தீப்புடிக்கல. அத்தான் இன்னும் முழுசா சரின்னு சொல்லல, "ஒத்திகை பாத்துட்டு சொல்றேன்"ன்னுருக்காரு, வேணாம்னா நிறுத்தறேன்னு நானும் சொல்லியிருக்கேன், போஸ்டர் இன்னும் அடிக்கல.

யாரு நடிக்கிறதுன்னு இன்னும் முடிவாகல. சீன மூஞ்சி இருக்குற நடிகையத் தேடி அவங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்குறதா, இல்ல தமிழ்ப் பொண்ணயே போடுறதான்னு குழுவுல பெரிய வாக்குவாதம், நான் அத்தைகிட்டயே கேட்டேன். "மூஞ்சி எப்படியோ இருக்கட்டும், ழ வரணும்"னாங்க. அடுத்த சனிக்கிழமை நடிகைத் தேர்வு, தானும் வந்து உக்காரணுமாம், எந்த பஸ்ஸுன்னு கேட்டு ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க.